விடுபட்ட ஓர் எண்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஊர் விட்டு வந்து வாழும் நாம், கணித மேதை இராமானுஜனின் படத்தை மன்றத்தில் மாட்டி மாலையிட்டு மகிழ்கின்றோம். நன்று. ஆயின், அவர் செய்தது யாது என்பதையும் சிறிது அறிதல் வேண்டுமன்றோ? ஆதலின் இன்று ஓர் எண்ணைப் பற்றியே பேச விழைகின்றேன். அது 293318625600, அதாவது, 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

பகா எண்ணுக்கு ஒன்றும் தானுமே வகுத்திகள். அதற்கு நேர்மாறாக, தன்னினும் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான வகுத்திகளை உடையது உயர் பகு எண். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள்; அதனிற் சிறிய எதற்கும் ஆறு இல்லை. ஒரு டஜன் பழத்தைப் பலவாறு பங்கிட முடிவது இதனாலன்றோ?

இவ்வெண்களின் இலக்கணத்தை இராமானுஜன் 1915-இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் ஆராய்ந்தார். 1 நீங்கலாக, இவை 2 முதல் இடைவிடாது வரும் பகா எண்களின் பெருக்கம். அவற்றின் அடுக்குகள் ஒருபோதும் ஏறுவதில்லை. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர, இறுதிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றே. நம் எண்ணில் 2-இன் அடுக்கு 6. 3-இன் அடுக்கு 4. 5, 7 ஆகியவற்றிற்கு 2. 11, 13, 17, 19 ஆகியவற்றிற்கு 1. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகள் 5040!

இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 45. அந்த 45-ம் இதனை மீதியின்றி வகுக்கும். இத்தகைய எண்களுக்கு 'ஹர்ஷத்' எனப் பெயரிட்டவர், மராட்டிய மண்ணில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராயிருந்த கப்ரேகர்.

இராமானுஜன் நூற்றுக்கு மேற்பட்ட உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். அதன் இறுதி எண் 6746328388800. அதனை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது நம் எண்ணே. வியப்பு யாதெனில், நம் எண் மட்டும் அப்பட்டியலில் விடுபட்டுப் போயிற்று!

ஞாயிறு வகுப்பில் இதனைக் கூறியபோது ஒரு சிறுவன், "அப்படியானால் இராமானுஜன் தவறிவிட்டாரா, மாமா?" என்று வினவினான். அருகிருந்த பெரியவர், "பெரியோரைக் குறை கூறலாகாது" என அவனை அடக்கினார். நானும் வாளாவிருந்தேன். அம்மௌனத்திற்காக இன்று வருந்துகின்றேன். அவனுக்கு என் விடை இது: ஆம் தம்பி, ஒன்று விடுபட்டது. அதனால் அவ்வெண்ணின் வகுத்திகளில் ஒன்றும் குறையவில்லை. இராமானுஜன் புகழிலும் அணுவளவும் குறையவில்லை. எவர் எழுதியதாயினும் எவரும் சரிபார்க்கலாம் என்பதே கணிதத்தின் பெருமை.

பெற்றோர்களே, பிள்ளைகளின் வினாக்களை அடக்காதீர்கள். குழந்தைகளே, இன்றிரவு 60-க்கு வகுத்திகள் எத்தனை என எண்ணிப் பாருங்கள். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கேனும் அத்தனை உண்டோ எனவும் தேடுங்கள். நம் முன்னோனுக்கு அதுவே வாடாத மாலை.