வலி மாத்திரையும் பிசியோதெரபியும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் இயன்முறை மருத்துவர் ஆற்றிய உரை)



முட்டி வலியோ இடுப்பு வலியோ இல்லாதவங்க கை தூக்குங்கன்னு கேட்டா, இந்தப் பந்தலில் நாலு கை தேறுமா என்பது சந்தேகம். அதனால்தான் பலரின் சுருக்குப் பையில் காசோடு மாத்திரையும் இருக்கிறது.

எல்லா வலி மாத்திரையும் ஒன்றல்ல. பாராசிட்டமால் ஒரு ரகம். டைக்ளோபினாக் வேறு ரகம். அதிகம் போட்டால் வயிறும் கிட்னியும் கெடும். டிரமடால், டேபென்டடால் மூன்றாவது ரகம். அவை அபினைப் போல மூளையில் வேலை செய்பவை. டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் மத்திய அரசு கொண்டு வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது, வாங்கவும் வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்த நாலு நாளைக்கு இது தேவைப்படலாம், தப்பில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாசக்கணக்கில் போடும்போதுதான் சிக்கல். கந்துவட்டிக் கடன் மாதிரி, ஒன்று போட்ட இடத்தில் உடம்பு இரண்டு கேட்கும். நிறுத்தினால் வியர்வை, பதற்றம், தூக்கமின்மை, உடம்பெல்லாம் குடைச்சல். "வலி திரும்ப வந்துடுச்சு"ன்னு நினைச்சு மறுபடியும் போடுவாங்க.

மாத்திரை எழுதவோ நிறுத்தவோ பிசியோவுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் டாக்டர் ஐந்து நிமிஷம் பார்க்கும் நோயாளியோடு நாங்கள் வாரத்தில் இரண்டு தடவை, அரை மணி நேரம் இருக்கிறோம். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா, பயிற்சி நடுவிலேயே கண் செருகினார்கள். மலச்சிக்கல் வேறு. மெதுவாகக் கேட்டேன். "மருமக வாங்கித் தர்ற மாத்திரைதான் சார், தினம் நாலு" என்றார்கள். அட்டையை வாங்கிப் பார்த்தேன், டேபென்டடால். திட்டவில்லை. திட்டினால் அடுத்த தடவை மறைப்பார்கள். டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் படிப்படியாகக் குறைத்தார்; நான் நடையையும் இடுப்புத் தசைப் பயிற்சியையும் படிப்படியாகக் கூட்டினேன். மூன்று மாதம் ஆனது. வலி முழுசா போகலை. ஆனால் மாத்திரை இல்லாமல் குடம் தூக்குகிறார்கள்.

இரண்டு விஷயம் கவனம். பழகியவர்களை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் மார்ஃபின் கொடுத்தால், "பழகிடும்"னு பயந்து பிடுங்கி வைக்காதீர்கள். அந்த வலியைத் தாங்கச் சொல்வது பாவம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோ வருகிறார். பி.பி., சுகர் மாத்திரை கொண்டு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். அவர்கள் வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். பகலெல்லாம் தூக்கம், அடிக்கடி விழுவது, அட்டையை ஒளித்து வைப்பது இருந்தால் சொல்லுங்கள். இதே மாத்திரையோடு தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

பேச்சு போதும். எல்லாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்க. வலது காலை நேரா நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணுங்க. மெதுவா இறக்குங்க. இப்போ இடது கால். இதுமாதிரி காலுக்குப் பத்து தடவை, காலையும் சாயங்காலமும். பின் வரிசை அக்கா, மூச்சைப் பிடிக்காதீங்க!