நாற்காலி இல்லாத விழா

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி நிகழ்ந்த இசை அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விழா என்றால் நம் மரபில் ஒரு நாற்காலி உண்டு. விழாநாயகரை அதில் அமர்த்துவார்கள். மாலை விழும், பொன்னாடை போர்த்தப்படும். மற்றவர்கள் பேச, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இறுதியில், கூட்டம் கலையத் தொடங்கும் வேளையில், ஏற்புரைக்கென்று சில நிமிடங்கள் அவருக்கு ஒதுக்கப்படும். 2003ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், மெர்சி ஆற்றங்கரையிலுள்ள கிங்ஸ் டாக் என்னுமிடத்தில் எடுக்கப்பட்ட ஒரு விழாவில் அந்த நாற்காலி இல்லை. விழாநாயகர் ஜான் மேயால், ப்ளூஸ் இசைக் கலைஞர். அவருடைய எழுபதாண்டு நிறைவைக் கொண்டாடவே அவ்விழா. அவர் பிறந்தது 1933 நவம்பர் 29 என்பதால், நான்கு மாதங்கள் முன்னதாகவே கொண்டாடிவிட்டார்கள். நிகழ்ச்சி யூனிசெஃப் குழந்தைகள் நிதிக்காக நடத்தப்பட்டது. விழாநாயகர் அன்று பாடினார், விசைப்பலகை வாசித்தார், ஹார்மோனிகா ஊதினார், விருந்தினரை மேடைக்கு அழைத்தார். பாராட்டப்பட வந்தவர் வேலை செய்தார். அந்த மாலையின் ஒலிப்பதிவு அவ்வாண்டே இரட்டைக் குறுந்தகடாக வெளிவந்தது.

ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தளையிலிருந்து சட்டப்படி விடுபட்டும் வாழ்வில் விடுபடாத கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. அதன் கட்டுமானம் மிக எளிது. ஓர் அடியைப் பாடுவது, அதையே மீண்டும் பாடுவது, மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறுவது. பன்னிரண்டு தாளக்கட்டுகளில் ஒரு சுற்று முடிந்துவிடும். குரல் ஓய்கிற இடத்தில் கருவி மறுமொழி சொல்லும். கந்தாரத்தை இரு நிலைகளுக்கும் இடையே வளைத்துத் தொடுகிற பழக்கம் இதில் உண்டு. கமகத்தில் தோய்ந்த செவிக்கு அது அந்நியமாகத் தோன்றாது. இத்துணைச் சிறிய சட்டகத்துக்குள் ஒருவர் அறுபதாண்டுகள் எப்படி வாழ முடிந்தது என்பதே மேயாலைப் பற்றி எழும் முதல் வினா.

மாக்கிள்ஸ்பீல்டு என்னும் ஊரில் பிறந்த ஆங்கிலேயர் அவர். தந்தையார் ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர். தாமும் கிதார் வாசிப்பவர். இளமையில் வீட்டுத் தோட்டத்து மரத்தின்மேல் ஒரு குடில் கட்டிக்கொண்டு அதிலேயே மேயால் குடியிருந்தார் என்பது பலரும் எழுதிய செய்தி. கட்டாயப் படைச்சேவைக்காகக் கொரியா சென்றவர், விடுமுறையில் ஜப்பானுக்குப் போய் முதல் மின்கிதாரை வாங்கினார். பின்னர் மான்செஸ்டரில் ஓவியம் பயின்று வரைகலைப் பணியில் அமர்ந்தார். தம் இசைத்தட்டு உறைகள் பலவற்றை அவரே வடிவமைத்ததற்கு இதுவே காரணம். அலெக்சிஸ் கார்னர் என்னும் மூத்த கலைஞரின் தூண்டுதலால் 1963இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. அந்நாளைய ஆங்கில இளைஞர் இசையில் முப்பது என்பது முதுமை. அங்கே ‘ப்ளூஸ்பிரேக்கர்ஸ்’ என்ற குழுவை நடத்தினார்.

அக்குழு ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வார்த்தை. அதில் உண்மை உண்டு. 1965இல் இருபது வயதில் வந்து சேர்ந்த எரிக் கிளாப்டன், மேயால் வீட்டிலேயே தங்கி, அவர் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கற்றார். நூலகம் வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் தங்கிப் படித்து எழுத்தாளரானவர்களை அறிந்த நமக்கு இது புரியும். 1966இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டு பிரிட்டனில் ஆறாம் இடம்வரை உயர்ந்தது. அது வெளிவந்த வேளையிலேயே கிளாப்டன் குழுவை விட்டு வெளியேறி ‘கிரீம்’ என்ற குழுவை அமைத்தார். அடுத்து வந்த பீட்டர் கிரீன் 1967இல் விலகி ‘ஃப்ளீட்வுட் மேக்’ குழுவைத் தொடங்கினார். பேஸ் கிதார் வாசித்த ஜான் மெக்வீயும் அங்கே போனார். மூன்றாவதாக வந்தவர் மிக் டெய்லர். அவர் 1969இல் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவில் சேர்ந்தார். போனவர்களின் புகழும் செல்வமும் உலகறிந்தவை. மேயாலுக்கு அத்தகைய பெருவெற்றி ஒருபோதும் வாய்க்கவில்லை.

ஆயினும் ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல்லின் இனிமையில் மயங்கிவிடலாகாது. மேயால் கனிவே உருவான ஆசான் அல்லர்; கூலி கொடுத்து வேலை வாங்கிய முதலாளி. குழுவின் வண்டியில் தமக்கு மட்டும் படுக்கை ஒன்றை அமைத்துக்கொண்டவர். குடித்துவிட்டு வந்ததற்காக மெக்வீயை மீண்டும் மீண்டும் நீக்கியவர். 1965இல் கிளாப்டன் சொல்லாமல் கொள்ளாமல் கிரேக்க நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, இடையில் கைகொடுத்த பீட்டர் கிரீனை அனுப்பிவிட்டு ஓடிப்போனவரையே மீண்டும் அமர்த்திக்கொண்டவரும் அவர்தாம். நன்றியைவிட நல்ல வாசிப்பே அவருக்கு முக்கியமாக இருந்தது. லிவர்பூல் மாலையின் உயிர் இந்தக் கண்டிப்பில்தான் இருக்கிறது.

எப்படியெனில், கிளாப்டனும் மிக் டெய்லரும் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தே மக்கள் கூடினர். கிளாப்டனும் மேயாலும் ஒரே மேடையில் நின்று ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆகியிருந்தன. வேறு யாராக இருந்தாலும் பழைய பாடலொன்றோடு பழைய தோழரை முதலிலேயே நிறுத்தி, கண்ணீரும் கரவொலியும் வாங்கியிருப்பார்கள். மேயால் அப்படிச் செய்யவில்லை. முதல் தகட்டின் பெரும்பகுதியை அன்றைய தம் குழுவினரே நிறைக்கிறார்கள்: கிதாரில் பட்டி விட்டிங்டன், டிரம்ஸில் ஜோ யூலி, பேஸில் ஹாங்க் வான் சிக்கிள், விசைப்பலகையில் டாம் கேனிங். அவர்கள் வாசித்தவற்றில் ‘சவுத்சைடு ஸ்டோரி’, ‘கிட்ஸ் காட் த ப்ளூஸ்’, ‘டர்ட்டி வாட்டர்’ ஆகிய மூன்றும் முந்தைய ஆண்டு, 2002இல், வெளிவந்த தொகுப்பைச் சேர்ந்தவை. எழுபதாண்டு விழாவில் ஒருவர் தம் அறுபத்தெட்டாம் வயதுப் பாடல்களை முன்வைக்கிறார். விழா எடுத்தவர்கள் நினைவுகூர விரும்பிய மேயால் வேறு. அவர் காட்ட விரும்பிய மேயால் வேறு.

பட்டி விட்டிங்டனைப் பற்றி இங்கே சிறிது நின்று சொல்ல வேண்டும். டெக்சஸ் மாநிலத்துக்காரர், 1993 முதல் மேயாலுடன் இருந்தவர். கிளாப்டன், கிரீன், டெய்லர் மூவரும் சேர்ந்து இருந்த காலத்தைவிட நெடுங்காலம் அவர் ஒருவரே அந்த இடத்தில் நின்றார். எனினும் குறுந்தகட்டு உறையைப் பார்த்து வாங்கியவர்களில் அவருக்காக வாங்கியவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். ‘ஜாக்ஸ்பரோ ஹைவே’ என்ற பாடலில் அவருடைய கிதார், அவசரமில்லாமல் தடித்த குரலில் கதை சொல்லும் ஒரு நாட்டுப்புறத்தாரைப் போல ஒலிக்கிறது. விருந்தினர் வந்த பின்னும் அவர் பின்வரிசைக்குப் போய்விடவில்லை. இந்த ஒலிப்பதிவின் முதற்பரிசு அவருக்கே உரியது என்பது துணிந்து சொல்லத்தக்க கருத்து.

டெய்லர் வருகிறார். அவர் மேயாலிடம் வந்து சேர்ந்த கதை சுவையானது. கிளாப்டன் வராமற்போன ஒரு மாலையில், பார்வையாளராக வந்திருந்த பதினாறு வயதுச் சிறுவன், வாசிக்கலாமா என்று கேட்டு, மேடையிலிருந்த கிளாப்டனின் கிதாரையே எடுத்து வாசித்துவிட்டுப் போய்விட்டான். பின்பு பீட்டர் கிரீன் விலகியதும் மேயால் செய்தித்தாளில் விளம்பரம் செய்ய, அதைக் கண்டு வந்தவன் அதே சிறுவன். லிவர்பூலில் ‘வாக்கிங் ஆன் சன்செட்’, ‘ஓ ப்ரெட்டி வுமன்’ என, அந்தக் காலத்துப் பாடல்களையே அவர் வாசிக்கிறார். கம்பியின்மேல் கண்ணாடிக் குழாயைச் சறுக்கி இசைக்கும் அவருடைய தனிமுறையில் ஈரம் இன்னும் காயவில்லை.

கிளாப்டன் இரண்டாம் தகட்டில் தோன்றுகிறார். 1966இன் இசைத்தட்டிலிருந்து ‘ஹைடவே’, ‘ஆல் யுவர் லவ்’, ‘ஹேவ் யூ ஹேர்ட்’ ஆகியவை வரிசையாக வருகின்றன. 1966இல் ‘ஹேவ் யூ ஹேர்ட்’ பாடலில் அவர் வாசித்த தனிப்பகுதி கதவை உடைத்துக்கொண்டு வருவதைப் போன்றது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்க மறுத்துப் பதிவுக்கூடத்தாரைத் திகைக்கவைத்த இளைஞனின் பசி அது. ஐம்பத்தெட்டு வயதில் அதே இடத்துக்கு வரும்போது நிதானம் இருக்கிறது, அழகு இருக்கிறது, பசி இல்லை. இதைக் குறையென்று சொல்வது நியாயமன்று. ஆனால் வேறுபாட்டைக் கேளாததுபோல் இருப்பதும் நேர்மையன்று. மேயாலின் குரலோ என்றும் போலவே மெலிந்தும் உச்சத்தில் சற்று நடுங்கியும் இருக்கிறது. சிறந்த குரல் என்று எவரும் அதைச் சொன்னதில்லை. விந்தை என்னவென்றால், முப்பத்தேழு ஆண்டுகளில் மிகக் குறைவாக மாறியது அக்குரலே.

மூத்த விருந்தினர் ஒருவரும் உண்டு: டிராம்போன் கலைஞர் கிறிஸ் பார்பர், அன்று எழுபத்துமூன்று வயது. 1958இல் சிகாகோவிலிருந்து மட்டி வாட்டர்ஸைப் பிரிட்டனுக்கு அழைத்து வந்தவர்களில் முதன்மையானவர் அவர். அந்த வருகை நிகழாதிருந்தால் லண்டனில் மேயாலுக்கு வேலையே இருந்திராது என்றுகூடச் சொல்லலாம்.

இதனோடு தொடர்புடைய சங்கடமான வினா ஒன்று உண்டு. விழா நாளாயினும் அதைத் தவிர்ப்பதற்கில்லை. ‘ஆல் யுவர் லவ்’ ஓட்டிஸ் ரஷ்ஷுடையது. ‘ஹைடவே’ ஃப்ரெட்டி கிங்குடையது. ஃப்ரெட்டி கிங் 1976இல் நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். கறுப்பர் இசையை வெள்ளையர் வாசித்துப் பெரும்பொருள் ஈட்டினர் என்ற குற்றச்சாட்டுக்கு மேயாலின் மாணவர்களே தலையாய சான்றுகள். மேயால் தம்மளவில் இதை உணர்ந்தே இருந்தார். 1967இல் ஒரே நாளில் பதிவுசெய்த இசைத்தட்டுக்கு ‘குரூசேடு’ என்று பெயரிட்டு, பெயர் பெறாத ப்ளூஸ் கலைஞர்களுக்காக அதன் உறையிலேயே வாதாடினார். வாதாடியதால் கடன் தீர்ந்துவிடவில்லை. மூலவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி வாசித்தார் என்ற அளவில் அவரை ஏற்கலாம்; அதற்கு மேல் அவருக்காக வழக்காடுவது கடினம்.

1979இல் கலிபோர்னியாவில் மூண்ட தீயில் அவர் வீடும், நாட்குறிப்புகளும், தந்தையாரின் நாட்குறிப்புகளும், சேகரங்களும் அழிந்தன. 2005இல் பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. விருது வழங்கியது. 2024 ஜூலை 22ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், கலிபோர்னியாவில் காலமானார். அவ்வாண்டு அவருக்கு அறிவிக்கப்பட்டிருந்த ராக் அண்ட் ரோல் அரங்கச் சிறப்பு, அக்டோபரில் அவர் இல்லாமலே வழங்கப்பட்டது.

லிவர்பூல் மேடையில் இறுதியாக ஒலிக்கும் பாடல் ‘டாக் டு யுவர் டாட்டர்’. அது மேயாலுடையதன்று, ஜே. பி. லெனோர் என்பவருடையது. கொரியப் போரையும் மிசிசிப்பிக் கொடுமைகளையும் பாடிய லெனோர், இறுதிக் காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகச் சமையற்கூடத்தில் வேலை பார்த்துவந்தார். 1967 ஏப்ரலில், சாலை விபத்துக் காயங்களுக்குச் சரியான மருத்துவம் கிட்டாமல், முப்பத்தெட்டு வயதில் இறந்தார். செய்தியறிந்த சில வாரங்களில் மேயால் அவருக்காக இரங்கற்பாடல் இயற்றி ‘குரூசேடு’ தட்டில் சேர்த்தார். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, தம் பெயரில் எடுக்கப்பட்ட விழா முடியும் தறுவாயில் அவர் தேர்ந்தெடுத்துப் பாடியதும் லெனோரின் பாட்டுத்தான்.