ரேஷன் கார்டு பையில் இன்னோர் அட்டை

பீரோவில் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையைக் கொஞ்சம் துழாவிப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை ஒன்று கையில் தட்டுப்படும். அது உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

நாட்டின் மருத்துவ வசதியை ஆராய்ந்த ஜோசப் போர் குழு 1946இல் தந்த அறிக்கை, காசில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்றது. அதற்கு அது காட்டிய வழி, ஊர்தோறும் அரசு மருத்துவமனை. காப்பீடு முதலில் கிடைத்தது ஆலைத் தொழிலாளிக்கு. 1948இல் தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது, 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. வயல் கூலிக்கு அதில் இடமில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் வெளியில்தான் நின்றார்.

2007இல் ஆந்திராவில் முதல்வர் ராஜசேகர ரெட்டி ஏழைகளுக்கான ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். அவரே ஒரு டாக்டர். 2009 ஜூலையில் நம்மூரில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 1 லட்சம். இதய ஆபரேஷனுக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்த வீடுகளைக் கேளுங்கள், அந்த ஒரு லட்சத்தின் அருமை தெரியும். ஆட்சி மாறியது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா புதுத் திட்டம் கொண்டுவந்தார், ஆண்டுக்கே 1 லட்சம் என்று. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து அது 5 லட்சமானது. பெயரும் படமும் மாறினாலும் அட்டையை நிறுத்த யாரும் துணியவில்லை.

அரசுப் பணம் தனியார் மருத்துவமனைக்குப் போகிறதே என்பது பழைய சண்டை. அரசு மருத்துவமனையும் இதே அட்டையில் பணம் பெறுகிறது என்பது அதற்கான பதில். எனக்கு வேறொரு கவலை. இந்த அட்டை பெரும்பாலும் கட்டிலில் படுத்தால்தான் பேசும். தினமும் காலையில் போடும் பிரஷர் மாத்திரைக்கு அது உதவாது. மாத்திரையை நிறுத்தியவருக்குச் சிறுநீரகம் கெட்டால், டயாலிசிஸுக்கு அதே அட்டை பணம் கட்டும்!

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான். ஊர்ப் பெண் ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்கிறார். பாட்டியின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கிறார், மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறார். அட்டை எங்கே என்று கேட்பதில்லை. காப்பீட்டுக்குத் தரும் பணத்தைக் குறைக்க வேண்டாம். ஆனால் அடுத்து ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் அந்தத் திண்ணைக்குப் போகட்டும் என்பேன்.