நகரப் பேருந்தும் நாமும்



மும்பைத் தமிழரைப் பற்றிப் பேசுவோர் தாராவி, மாதுங்கா, செம்பூர் என்று மூன்று பெயர்களைச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். கழிக்கு அப்பால், வாஷிக்கு அடுத்த ரயில் நிலையமாகிய சான்பாடா அவர்கள் நினைவில் வருவதில்லை. ஆயினும், 1992ஆம் ஆண்டில் மான்குர்த்திலிருந்து வாஷிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், அந்தப் பழைய பேட்டைகளில் இடம் போதாத குடும்பங்கள் பல, நவி மும்பைக்குக் குடிபெயர்ந்தன. அவற்றுள் சில சான்பாடாவிலும் தங்கின.

ரயில் நம்மை நிலையத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அங்கிருந்து பாம் பீச் சாலைப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கோ, துர்பேயிலுள்ள மொத்தச் சந்தைக்கோ செல்ல வேண்டுமானால் பேருந்து வேண்டும். இல்லையேல் ஆட்டோ ரிக்ஷா. கைநிறையச் சம்பாதிப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றே. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு வரும் பெண்மணிக்கு அப்படியன்று. நாள்தோறும் இருமுறை ஆட்டோவுக்குக் கொடுத்தால் ஒரு வீட்டுச் சம்பளம் அதிலேயே கரைந்துபோகும்.

பேருந்து இல்லாத நிலை எத்தகையது என்பதை நவி மும்பை ஒருமுறை அனுபவித்திருக்கிறது. நகரை நிறுவிய சிட்கோ நிறுவனத்தின் சார்பில் நடைபெற்ற பி.எம்.டி.சி. பேருந்துப் பணி 1984இல் மூடப்பட்டது. மாநகராட்சி தன் சொந்தப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது 1996 ஜனவரியில். இன்று சான்பாடாவாசிகள் என்.எம்.எம்.டி. என்று சொல்லுவது அதைத்தான்.

கழிக்கு அக்கரையில் பெஸ்டின் வரலாறு இதனினும் நீண்டது. 1874இல் குதிரைகள் இழுத்த டிராமும், 1907இல் மின்சார டிராமும் வந்தன. முதல் பேருந்து 1926 ஜூலை 15ஆம் நாள் ஆப்கன் சர்ச்சிலிருந்து கிராஃபோர்டு மார்க்கெட்டுக்கு ஓடிற்று. 1947 ஆகஸ்டில், சுதந்திரத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, அந்நிறுவனம் மாநகராட்சியின் உடைமையாயிற்று. டிராம் 1964 மார்ச் 31ஆம் நாளோடு ஓய்ந்தது.

ஊர்விட்டு வந்த தமிழருக்கு இந்தப் பேருந்தே முதற்பள்ளிக்கூடம் எனலாம். பெஸ்ட் வண்டியின் முகப்பில் நெடுங்காலமாகத் தேவநாகரி எண்களே விளங்கின. அவ்வெழுத்தின் ஒன்று நமக்கு ஒன்பதாகத் தோன்றும். ஐந்து, நான்கைப் போல் மயக்கும். தவறான வண்டியில் ஏறி இறங்கித்தான் பலரும் அவற்றைக் கற்றனர். கண்டக்டர் ‘புடே சலா’ என்று அதட்டும்போது முன்னே நகர வேண்டும் என்பதும் அப்படிக் கற்ற மராத்தியே. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் சொல்லுகிறோம்: அகராதி அத்தனை விரைவில் கற்பிப்பதில்லை.

இனி, பணத்தின் கதைக்கு வருவோம். டிக்கெட்டுப் பணத்தால் மட்டும் நகரப் பேருந்து நடப்பது அரிது. பெஸ்ட் நிறுவனம் தென்மும்பைக்கு மின்சாரம் விற்பது; அவ்வருவாயைக் கொண்டு பேருந்தின் நட்டத்தை ஈடுகட்டி வந்தது. மின்கட்டணத்தை ஆணையம் வரையறுக்கும் முறை வந்தபின், மின்நுகர்வோர் ஏன் பேருந்துக்காகக் கட்ட வேண்டும் என்ற வழக்கு எழுந்தது. நாளடைவில் அந்த வழி அடைபட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஈடான வேறு வழியை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. அதன்பின் சொந்த வண்டிகள் குறைந்தன. ஒப்பந்தக்காரரின் வண்டிகள் பெருகின. 2019 ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயாக இறக்கப்பட்டது, மக்கள் மகிழ்ந்தனர். 2025 மே மாதத்தில் அது பத்து ரூபாயாயிற்று. 2024 டிசம்பரில் குர்லாவில் ஒப்பந்தப் பேருந்து ஒன்றால் பலர் மாண்ட விபத்துக்குப் பின், ஓட்டுநர்க்கு எத்தனை நாள் பயிற்சி என்ற வினாவும் எழுந்தது.

தெருவிளக்கு இலாபம் தருகிறதா என்று எவரும் கேட்பதில்லை. பேருந்தை மட்டும் ஏன் கேட்கிறோம்? தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். டெல்லியில் 2019லும், கர்நாடகத்தில் 2023லும் அத்தகைய ஏற்பாடு வந்தது. அரசுக் கருவூலத்திலிருந்து அதற்குப் பணம் செல்கிறது. அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். இலவசமாயினும் வண்டி வராவிட்டால் பயனில்லை என்பது நம் எண்ணம். கட்டணத்தைக் காட்டிலும், அரைமணி நேரம் காத்து நிற்கவைக்கும் வண்டியே ஏழையை ஆட்டோவுக்குத் துரத்துகிறது.

இதைக் கேட்க வேண்டியவர் வார்டு உறுப்பினர். 2020 மே முதல் நவி மும்பையிலும், 2022 மார்ச் முதல் மும்பையிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஆண்டுக்கணக்கில் இல்லாது, அதிகாரிகளே நிர்வகித்தனர். அக்காலத்தில் ஒரு தடம் சுருங்கினால் முறையிடப் போக ஆளில்லை. நம்மவரோ, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தும், ‘இது நம் ஊரா?’ என்று ஒதுங்கிக்கொள்வதுண்டு. இருபது ஆண்டு வரி கட்டியவருக்கு இது ஊர் இல்லையென்றால் வேறெது ஊர்?

ஆகையால், சான்பாடா நேயர்களே, வண்டி குறைந்துவிட்டதென்று பெஞ்சியில் உட்கார்ந்து புலம்பாமல், மாநகராட்சியின் போக்குவரத்துக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுங்கள். தட எண், நிறுத்தத்தின் பெயர், காத்திருந்த நிமிடங்கள், அடுத்தடுத்து ஏழு நாட்களுக்கான கணக்கு, பத்துப் பேர் கையொப்பம் ஆகியவை போதும். மராத்தியில் எழுதுவது நலம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் அதைத்தான் படிக்கின்றனர், அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.