புயற்காலமும் நம் கடமையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐப்பசி பிறந்துவிட்டது. கடலூர் முதல் சிதம்பரம் வரை வாழும் நமக்கு இது தீபாவளிக்கு மாத்திரமன்று, புயலுக்கும் உரிய காலமாகும். ஆதலின் இன்று இலக்கியம் பேசாது, உயிர் காக்கும் வழி பற்றிச் சில கூற விழைகின்றோம்.

புயலெனின் நாம் அஞ்சுவது காற்றுக்கே. 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரொடு சாய்த்ததை நாமெல்லாம் கண்டோம். எனினும், காற்று மரத்தை வீழ்த்தும். மக்களைத் திரளாக மாய்ப்பது பெரும்பாலும் நீரே. 1977 நவம்பரில் ஆந்திரத்துத் திவிசீமையில் கடல் ஊர்களுக்குட் புகுந்ததனால் பல்லாயிரவர் மாண்டனர்.

இஃது எங்ஙனம் நிகழ்கின்றது? நம் கடலில் எழும் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வது. மேற்கு நோக்கி வரும் அது கரையேறும் இடத்திற்கு வடபால் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். கடல்நீரும் உடன் தள்ளப்பட்டு உயரும். எனவே புயல் நமக்குச் சற்றுத் தெற்கே கரையேறும் என்று கேட்டால், தப்பினோம் என்று மகிழ்தல் பேதைமை. மேலும், தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய யாவும் நம் கரையிலேயே கடல் சேர்வன. முகத்துவாரத்திற் கடல் உயர்ந்து நிற்குங்கால், ஆற்று வெள்ளம் வடிய வழியின்றித் தெருக்களிற் புகும்.

நடுவே காற்று திடீரென அடங்குதலும் உண்டு. அது புயலின் கண் நம்மேற் கடக்கும் நேரம். முடிந்ததென்று வெளியே வருவோரை, சிறிது நேரத்தில் எதிர்த்திசைக் காற்று தாக்கும். புயல் கடந்த பின்னும் அபாயம் நீங்குவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையேறிற்று; அதன்பின்னரே சாத்தனூர் அணையினின்று திறந்த நீர் தென்பெண்ணையிற் பெருகிக் கடலூரைச் சூழ்ந்தது.

இதற்கு மருந்து யாது? முன்னரே விலகுதல் ஒன்றே. ஒடிசாவில் 1999-ஆம் ஆண்டுப் பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர். 2013 அக்டோபரில் பைலின் புயல் வருமுன் இலட்சக்கணக்கானோர் மேட்டுநிலங்களுக்கும் காப்பிடங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அப்போது இறந்தோர் சில பதின்மரே. கடலும் காற்றும் மாறவில்லை. மக்கள் நடை மாறிற்று.

இனி நம் குறையையும் ஒளியாது சொல்லுதல் வேண்டும். தானே புயலன்று இரவு நம் சங்கத் திருமண மண்டபம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் வெளியூர் சென்றிருந்தார். மீனவர் குடும்பங்களும் கூலித் தொழிலாளரும் குழந்தைகளோடு அதன் திண்ணையில் நனைந்து நின்றனர். பூட்டை உடைக்கலாமென்று ஒருவர் கூற, பிற குலத்தாரை உள்ளே விடுவதெப்படி என்று நம்மவருள் சிலர் தயங்கினர். யாமும் அன்று வாய்திறவாது நின்றோம். அந்த வெட்கம் இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை. வெள்ளம் குலம் கேட்டு வருவதில்லை. மண்டபம் மாத்திரம் ஏன் கேட்க வேண்டும்?

ஆதலின் மூன்று வேண்டுகோள். மண்டபத்துச் சாவி மூவரிடம் இருத்தல் வேண்டும். எச்சரிக்கைக் கூண்டு ஏறிய அன்றே, யார் வரினும் கதவு திறத்தல் வேண்டும். முதியோர், கருவுற்றோர், நோயாளிகள் உள்ள வீடுகளை நம் இளைஞர்கள் இப்பொழுதே குறித்துவைத்தல் வேண்டும். வீட்டையும் மாட்டையும் விட்டு வர மனமில்லாத பெரியோரை, பகற்பொழுதிலேயே அழைத்து வருதல் வேண்டும். மாட்டின் கயிற்றையும் அவிழ்த்துவிடுக.

சிதம்பரத்திற்குத் தில்லை எனப் பெயர் தந்த மரம் இன்றும் பிச்சாவரத்துச் சதுப்பில் நிற்கின்றது. அக்காட்டு மரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று, தம் பின்னுள்ள ஊர்மேல் வரும் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. அம்மரங்கள் செய்வதை நாமும் செய்வோமாக.