காய்ச்சலும் பாய்ச்சலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இயற்கை வளமும் அரசின் கொள்கையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் பாசனப் பணியில் காலம் கழித்தவன். அதுவும் பேசுவது தஞ்சாவூரில். தண்ணீரை விட்டு வேறு எதைப் பேசினாலும் நீங்கள் விடமாட்டீர்கள். அதிலும் ஒரே ஒரு கேள்வி. வயலில் தண்ணீரை மிச்சம் பிடியுங்கள் என்று அரசாங்கம் வருஷா வருஷம் சொல்கிறது. விவசாயி ஏன் பிடிப்பதில்லை?

முதலில் கணக்கைப் பார்ப்போம். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ம் தேதி தந்த இறுதித் தீர்ப்பில், பிலிகுண்டுலுவில் நமக்கு ஆண்டுக்கு 192 டி.எம்.சி. வர வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்தது 14.75. இதில் 4.75 பெங்களூரின் குடிநீர்த் தேவைக்கு. மீதி 10 டி.எம்.சி.யைக் குறைத்ததற்கு நீதிமன்றம் சொன்ன காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டு டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே அது.

பத்து டி.எம்.சி. என்றால் எவ்வளவு? ஓர் அடி உயரத்துக்கு நிறுத்தினால் சுமார் 2,30,000 ஏக்கரில் நிற்கும். ஒரு போகம் நெல்லுக்கு நாலு அடி என்று தோராயமாக வைத்தால், 57,000 ஏக்கருக்கு முழுப் போகத் தண்ணீர். ஆற்றில் வந்திருக்க வேண்டிய அந்தத் தண்ணீர் இனி நம் காலடியிலிருந்துதான் வர வேண்டும். நிலத்தடி நீரை அவசரத்துக்கு எடுக்கும் கைமுதல் என்று நினைத்திருந்தோம். அதை ஏற்கெனவே வரவு வைத்துவிட்டார்கள்.

அந்தக் கைமுதலை எப்படிச் செலவு செய்கிறோம்? 1960-61-ல் தஞ்சை மாவட்டத்தில் ‘பேக்கேஜ் திட்டம்’ என்ற தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. ஆற்றில் தண்ணீர் வருமுன்பே நாற்றங்கால் விட ஃபில்டர் பாயிண்ட் போட்டார்கள். ஆழம் குறைவு, செலவும் குறைவு, நல்ல யோசனை. பிறகு எல்லா விவசாய பம்ப்செட்டுக்கும் மின்சாரம் இலவசம் என்று ஆகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் இலவச மின்சாரத்துக்கு எதிரி இல்லை. நெல்லுக்குக் கிடைக்கும் விலையில் கரண்ட் பில்லும் கட்டு என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வீட்டில் படுத்தால், கரண்ட் வந்த நேரமெல்லாம் மோட்டார் ஓடுகிறது. வரப்பு வழிந்தாலும் கேட்பார் இல்லை. கடற்கரைப் பக்கம் நாகை, வேதாரண்யம் ஊர்களில் இன்னொரு சங்கடம். நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உப்பு ஏறிவிடும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தமிழ்நாடு நிலத்தடி நீர் சட்டம் 2003-ல் நிறைவேறியது. ஒரு நாளும் நடைமுறைக்கு வராமலே 2013-ல் திரும்பப் பெறப்பட்டது. நிலத்துக்கு 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. டெல்டாவில் புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்ட அது தடை போட்டது. அதை மனதார வரவேற்கிறேன். மண்ணைக் காப்பாற்ற வந்த அக்கறை அந்த மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீர் வரை இறங்கவில்லை.

இனி வயலுக்கு வருகிறேன். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று நம் சம்சாரிகள் சொல்லும் முறை புதிதல்ல. வயலை லேசாகக் காய விட்டு, மயிரிழை வெடிப்பு கண்டதும் மறுபடி பாய்ச்சுவது. இன்றைக்கு அதற்கு ஒரு எளிய கருவி உண்டு. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் பதித்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் மிச்சம், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும். ஒற்றை நாற்று நடவிலும் இதே பாய்ச்சல் முறைதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா வயலைக் காய வைக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அப்போது நம் கவலையெல்லாம் வடிகால். இது குறுவைக்கான சமாச்சாரம்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் செய்வதில்லை? கடைமடையில் ஒரு விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். “தண்ணி வர்றப்பவே கட்டி வச்சுக்கணும் சார். காய விட்டப்புறம் முறை தள்ளிப் போச்சுன்னா பயிருக்கு யாரு பொறுப்பு?” என்பார். இதற்குப் பதில் சொல்லாமல் குழாயைக் கையில் கொடுத்துப் பயன் இல்லை. 2023-ல் மேட்டூர் ஜூன் 12-ல் முறைப்படி திறந்தது. தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-ல் மூடினார்கள். 2024-ல் திறந்ததே ஜூலை 28-ல். இப்படிப்பட்ட வருஷங்களைப் பார்த்தவர், கிடைத்த தண்ணீரை வயலில் தேக்கத்தான் தேக்குவார். அவருக்கு வயல்தான் அணை. அதை வீணடிப்பு என்று சொல்வது நியாயமில்லை.

ஆகவே மிச்சம் பிடிப்பது மதகில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அணையில் அளக்கிறோம், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து அளந்து விடுகிறோம். கீழே ‘ஏ’, ‘பி’ என்று தொடங்கி ‘எஃப்’ வரை இறங்கும் வாய்க்கால்களில் அளவு தேய்ந்து போகிறது. ‘சி’, ‘டி’ வாய்க்காலில் எந்த நாள் எவ்வளவு வந்தது என்று எழுதி வைத்தவர் யார்? ஒரு லஸ்கர் எத்தனை மதகைத்தான் பார்ப்பார்? முறைப்பாசன அட்டவணையை வாய்க்கால் வாரியாக முன்கூட்டியே ஒட்டி, சொன்ன நாளில் தண்ணீர் வரட்டும். இரண்டு பருவம் அப்படி வந்தால், யாரும் சொல்லாமலே வயல் காயும்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் மேலே வடிவது கீழே பாசனம். மேட்டில் ஒருவர் மிச்சம் பிடித்தால், அவருடைய வடிகாலை நம்பியிருந்த கீழ்ப் பங்காளிக்குக் குறையும். அவருக்கு நேர் வாய்க்காலில் அதை ஈடு செய்தாக வேண்டும். தலைமடையில் சேமித்ததை மட்டும் எண்ணும் திட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

மின்சாரத்துக்குப் பஞ்சாபில் 2018-ல் ஒரு வழி கண்டார்கள். ‘தண்ணீரை மிச்சம் பிடி, காசு சம்பாதி’ என்று பொருள்படும் பெயர். ஆறு மின்பாதைகளில், விருப்பப்பட்ட விவசாயிக்கு மீட்டர் வைத்து, இவ்வளவு யூனிட் என்று ஒதுக்கினார்கள். மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்குக்குப் போனது. கூடுதலாக ஓடினாலும் பில் இல்லை. இங்கே மீட்டர் என்றாலே ‘இன்னிக்கு மீட்டர், நாளைக்கு பில்’ என்ற பயம். அந்தப் பயம் போக, கட்டணம் வராது என்ற உறுதி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அமைச்சர் பேட்டி போதாது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு ‘சி’ வாய்க்காலைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பில் ஒன்று, கடைசியில் ஒன்று என இரண்டு அளவுகோல் நடுங்கள். மேட்டூர் திறந்ததிலிருந்து ஜனவரி 28 வரை தினமும் காலையில் ஒருவர் போய்ப் பார்த்து நோட்டில் எழுதட்டும். அளவுகோலுக்கும் நோட்டுக்கும் சைக்கிள் பஞ்சருக்கும் ஆகும் செலவை எங்கள் வகுப்புத் தோழர்கள் ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த சந்திப்பில் அந்த நோட்டை இந்த மேடையில் படியுங்கள்.