அணைத்த கம்பியிலும் கரண்டு உண்டு

(பரிசளிப்பு விழாவில், இப்பள்ளியின் முன்னாள் மாணவரான மின்பொறியாளர் ஆற்றிய உரை)



ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பரிசு வாங்கும் மேடையில் முதுகலை மாணவர்களின் தொழிற்பயிற்சியைப் பற்றிப் பேசலாமா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். "பின் வரிசையைப் பாருங்கள் ஐயா" என்றேன். தம்பி தங்கைகளின் பரிசைப் பார்க்க வந்த அண்ணன்மார், அக்காமார் நிற்கிறீர்களே, இது உங்களுக்கான பேச்சு.

பேராக்கில் பிறந்த நமக்கு மின்சாரம் அந்நியமல்ல. சென்டேரோ அணை 1930இல் கட்டி முடிக்கப்பட்டது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் அந்தக் கரண்டில் ஓடின. அதே ஆற்றில் மேலே போனால் தெமெங்கோர் நிலையம். 4 இயந்திரங்கள், 348 மெகாவாட். ஆனால் நான் பிறந்த லயத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். பால்மரங்களுக்கு மேலே உயர் அழுத்தக் கம்பி மட்டும் இரைந்துகொண்டு போகும். அந்த இரைச்சல்தான் என்னை இந்தப் படிப்புக்கு இழுத்தது.

இளங்கலைப் பொறியியலில் குறைந்தது 8 வாரத் தொழிற்பயிற்சி கட்டாயம். முதுகலை ஆராய்ச்சியில் பெரும்பாலும் அப்படிக் கட்டாயமில்லை. கணினியில் ஒரு மின்தொகுப்பை வரைந்து, கணக்குப் போட்டு, பட்டமும் வாங்கிவிடலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். பேராசிரியர் பிடித்துத் தள்ளியதால் ஒரு துணைமின் நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போனேன்.

அங்கே 132 கிலோவோல்ட் கம்பி ஒன்றை இரு பக்கமும் துண்டித்திருந்தார்கள். என் கணக்கில் அது சைபர். ஏணிப் பக்கம் போனேன். "ஜாங்கான் சென்டோ டுலு!" தொடாதே, பொறு என்று வயதான மலாய்த் தொழில்நுட்பர் ஒருவர் சத்தம் போட்டார். நீண்ட கழியின் முனையில் இருந்த சோதனைக் கருவியைக் கம்பியருகே கொண்டு போனார். அது அலறியது! அதே கோபுரத்தில் இன்னொரு தடம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தூண்டலால் அணைத்த கம்பியிலும் ஆளைக் கொல்லும் அழுத்தம் நிற்கும். தரையிணைப்புப் போட்ட பிறகுதான் கை வைக்கலாம். தூண்டல் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவன் நான்!

1996 ஆகஸ்டு 3ஆம் நாள் பலருக்கு நினைவிருக்கும். திரெங்கானு பாக்கா அருகே ஒரு மின்தடம் துண்டித்துக்கொண்டதில் தொடங்கி, தீபகற்பம் முழுதும் இருண்டது. உற்பத்தியில் ஒரு பெரும் பகுதி திடீரென்று போனால், மீதி இயந்திரங்கள் சுமை தாங்காமல் வேகம் குறையும். 50 ஹெர்ட்ஸ் சரியும். தம்மைக் காத்துக்கொள்ள அவையும் ஒவ்வொன்றாக விலகும். எந்த ரிலே எந்த நொடியில் விலக வேண்டும் என்ற அமைப்பு அட்டவணையைக் களத்தில் பார்த்த மாணவன், அதற்குப் பிறகு எழுதும் ஆய்வே வேறு. இன்று சூரிய மின்பண்ணை மேல் மேகம் மூடினாலும் இதே கேள்விதான் எழுகிறது.

பெற்றோர்களே, "மூணு மாசம் சம்பளம் இல்லாமப் போகணுமா?" என்று என் அம்மாவும் கேட்டார். கிடைத்த அலவன்ஸ் அறை வாடகைக்கே போதவில்லை. அக்கா தையல் காசில் மாதம் ஐம்பது வெள்ளி அனுப்பினார். அதனால், சும்மா போய் உழைத்துவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அலவன்ஸ் எவ்வளவு, காப்புறுதி யார் பொறுப்பு, வாரத்தில் எத்தனை நாள் களத்தில் என்று முன்கூட்டியே கேளுங்கள். பொம்பளப் பிள்ளையை கெரிக் பக்கம் எப்படி அனுப்புவது என்கிறீர்களா? முதல் நாள் கூடப் போய்த் தங்குமிடத்தைப் பாருங்கள். பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

மாணவர்களே, விண்ணப்பத்தில் "மின்துறையில் ஆர்வம் உண்டு" என்று எழுதினால் போட்டோஸ்டாட் எடுக்கத்தான் வைப்பார்கள். "பாதுகாப்பு ரிலே அமைப்புகளை என் ஆய்வுக் கணக்கோடு ஒப்பிட வேண்டும்" என்று ஒரே வேலையைக் குறிப்பாகக் கேளுங்கள். பேராசிரியரின் கடிதத்தையும் சேர்த்து, விடுமுறைக்கு நான்கைந்து மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

கடிதம் எழுதத் தயங்குகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் தேநீர் மேசைப் பக்கம் வாருங்கள். பேனாவும் தாளும் கொண்டு வந்திருக்கிறேன்.